அக்காள் மகன் ராணுவக் கோர்ட்டில்: உட்காரும் அதிகாரியை வேண்டாம் என்று சொல்லலாமா?

சுங்கைக்காரன் | செவ்வாய், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். இங்கே வந்தால் செம்பனை விலையும் தமிழ்ப்பள்ளிக் கட்டடமும்தான் பேசுவேன். இன்று வீட்டு விஷயம். நான் சுங்கை சிப்புட்காரன் என்பது தெரியும். பையன் எந்த முகாம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

அக்காள் மகனுக்கு ராணுவத்தில் ஸ்டோர் வேலை. போன மாதக் கணக்கெடுப்பில் நான்கு லாரி டயர் குறைந்தது. சாவி மூன்று பேரிடம் இருந்தது, மாட்டியது இவன். ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட்டு ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். படித்துப் பார்த்தாயா என்றால், "மாமா, பின்னால் நின்றுகொண்டே இருந்தார்கள்" என்கிறான். இப்போது மேலதிகாரியின் அறையோடு முடியாமல் ராணுவ நீதிமன்றத்துக்கே போகிறது. குற்றப்பத்திரிகையும், விசாரிக்க உட்காரும் அதிகாரிகளின் பட்டியலும் வந்துவிட்டன. இன்னும் ஒன்பது நாள்.

பட்டியலில் இரண்டாவது பெயரைப் பார்த்ததும் பையன் முகம் வெளுத்துவிட்டது. டயரை எண்ணி, குறைகிறது என்று எழுதிக் கொடுத்தவரே அவர்தான். எண்ணியவரே தீர்ப்பும் சொல்வாரா?

அக்காள், "வாயைத் திறக்காதே, கோபம் வந்தால் தண்டனையைக் கூட்டிப் போடுவார்கள்" என்கிறாள். மச்சான் ஒன்றுமே பேசவில்லை, மூன்று நாளாகச் சாப்பாடும் சரியில்லை. அவரை வேண்டாம் என்று சொல்ல வழி இருக்கிறதா? சொன்னால் வம்பு வருமா?

முன்னாள் கோப்ரல் | செவ்வாய், இரவு 10.15

தம்பி, இருபத்தொரு வருஷம் சீருடை போட்டவன் நான். முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். மேலதிகாரி தன் அறையிலேயே விசாரித்துத் தண்டிப்பது வேறு, ராணுவ நீதிமன்றம் வேறு. இரண்டுமே மலேசிய ஆயுதப்படைச் சட்டமான ஆங்காத்தான் தெந்தெரா சட்டத்தின் கீழ், 1972ஆம் ஆண்டின் 77ஆவது சட்டத்தின் கீழ்தான் வருகின்றன. ஆனால் உள்ளே போனவனுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

நான் ஒருமுறை அந்த அறைக்குப் போயிருக்கிறேன். லீவு முடிந்து ஒரு நாள் தாமதம். கதவுக்கு வெளியே பெரே தொப்பியையும் பெல்ட்டையும் கழற்றச் சொன்னார்கள். பெல்ட் இல்லாமல் நின்றால் மனுஷனுக்குப் பாதி தைரியம் அப்போதே போய்விடும். சார்ஜண்ட் "இடம், வலம், இடம், வலம்" என்று ஓட்டமும் நடையுமாக உள்ளே கொண்டுபோனார். மேசைக்குப் பின்னால் இருந்தவர் தாளைப் பார்த்தபடி "மெங்ஙாக்கு சாலா?" என்றார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று அர்த்தம். "யா, துவான்" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஏழு நாள் முகாமை விட்டு வெளியே போகக்கூடாது என்றார்கள். மொத்தம் நான்கு நிமிஷம் இருக்கும். பஸ் விபத்தால் ரோடு அடைபட்டது என்று சொல்ல நினைத்துப் போனவன் நான். சொல்லவே இல்லை.

ஏழு நாளோடு போனதால் நானும் மறந்துவிட்டேன். உங்கள் பையனுக்கு வேலையும் போகலாம், சிறையும் வரலாம். அதனால்தான் அங்கே கூடுதலாகச் சில படிகள் வைத்திருக்கிறார்கள். பெயர்களை வாசிப்பார்கள், அதிகாரிகள் சத்தியம் எடுப்பதற்கு முன்னால் "இவர்களில் யார் மீதாவது ஆட்சேபம் உண்டா" என்று கேட்பார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் நீங்கள் காத்திருக்க வேண்டும். ஆனால் நான் பார்த்தவரை, அதைக் கேட்கும்போது எல்லாரும் "தியாடா, துவான்", அதாவது இல்லை ஐயா, என்றுதான் சொல்வார்கள்.

கித்தா பால் | செவ்வாய், இரவு 10.52

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். ராணுவம் என்ன டவுன் கவுன்சிலா? ஆளாளுக்கு "இவர் வேண்டாம், அவர் வேண்டாம்" என்றால் படையை எப்படி நடத்துவது? சண்டை நடக்கும் இடத்தில் லாயருக்காகக் காத்திருக்க முடியுமா? டயர் போனது உண்மை. அதற்கு யாராவது பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்?

பிரட்டுக்களம் | புதன், காலை 6.20

பதில் சொல்லட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? கேட்கிறவர் யார் என்பதுதான் இங்கே கேள்வி.

கித்தா பாலுக்குத் தோட்டத்து உள்விசாரணை ஞாபகம் இருக்கும் என்று நினைக்கிறேன். 1955 வேலைச் சட்டம் 14ஆம் பிரிவு, முறையாக விசாரித்த பிறகுதான் ஆளை நீக்கலாம் என்கிறது. சங்கத்தில் நான் பதினான்கு வருஷம் கமிட்டி. எங்கள் பக்கத்து ஒரு தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டும் தொழிலாளி ஒருவர் ரப்பர் பாலில் தண்ணீர் கலந்தார் என்று குற்றச்சாட்டு. புகார் எழுதியவர் தோட்டத்து உதவி மேலாளர், உதவித் துரை என்போம். விசாரணைக்குப் போனால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரும் அதே உதவித் துரை! பக்கத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி, எதிரே பனியன் மேல் அவசரமாகச் சட்டை மாட்டி வந்த நம் ஆள்.

நான் எழுந்து, "ஐயா, புகார் கொடுத்தவர் நீதி சொல்லக் கூடாது, எங்கள் ஆட்சேபத்தை எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். கோபம் வந்தது, வராமல் இருக்குமா? "எழுத முடியாது" என்றார். நான் கிராணியைப் பார்த்துச் சத்தமாக, "நான் சொன்னேன், அவர் எழுத மறுத்தார், நேரம் பத்து இருபது" என்று என் நோட்டில் எழுதிக்காட்டினேன். ஆளை நீக்கினார்கள். அறுபது நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுப் போட்டோம். சமரசப் பேச்சில் முதலில் எடுத்தது பாலும் இல்லை, தண்ணீரும் இல்லை, அந்த நோட்டுப் பக்கம்தான். ஆள் திரும்ப வேலைக்குப் போனார்.

உங்கள் அக்காளிடம் சொல்லுங்கள்: ஆட்சேபம் சொன்னால் கோபம் ஒரு நாள்தான். சொல்லாமல் விட்டால் பிறகு, "அன்றைக்கு ஏன் சொல்லவில்லை" என்று வாழ்நாள் முழுக்கக் கேட்பார்கள்.

ஈப்போ தங்கச்சி | புதன், மதியம் 1.05

அண்ணே, நான் ஈப்போவில் வழக்கறிஞர். ராணுவ வழக்கு என் அன்றாட வேலை இல்லை, ஆனால் இந்தக் கேள்வியில் நிறையப் படித்திருக்கிறேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தட்டுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் 1972 சட்டம் பிரிட்டனின் 1955 ராணுவச் சட்டத்தின் வார்ப்பு. குற்றச்சாட்டைப் புலனாய்வு செய்தவர் அந்த வழக்கிலேயே உறுப்பினராக உட்காரக் கூடாது என்பது அந்தத் தாய்ச் சட்டத்திலேயே இருந்த விதி. ஆகவே டயர் எண்ணியவர் விஷயத்தில் நீங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை.

இதை அச்சு அசலாகக் காட்டும் வழக்கு இந்தியாவில் இருக்கிறது. ரஞ்சித் தாக்கூர் வழக்கு, 1987. சிக்னல் படையில் சாதாரணச் சிப்பாய். மேலதிகாரி தன்னைக் கொடுமைப்படுத்துகிறார் என்று அவரைத் தாண்டி மேலே மனு அனுப்பினார். அப்படி நேராக அனுப்பியதற்கே 28 நாள் கடுங்காவல். அந்தக் காவலில் இருக்கும்போது, சாப்பிடு என்று உத்தரவிட்டும் சாப்பிடவில்லை என்று இன்னொரு குற்றச்சாட்டு. ஆமாம், சோறு சாப்பிடாததுதான் குற்றம். உடனடி ராணுவ நீதிமன்றம் கூடியது. உட்கார்ந்தவர்களில் ஒருவர், எவர் மீது மனு அனுப்பினாரோ அதே மேலதிகாரி. ஒரு வருஷம் கடுங்காவல், வேலை நீக்கம்.

உச்ச நீதிமன்றம் எதைப் பிடித்தது தெரியுமா? இந்திய ராணுவச் சட்டம் 130ஆம் பிரிவு: விசாரணை தொடங்கும்போது ஒவ்வோர் அதிகாரியின் பெயரையும் வாசித்து, இவர் விசாரிப்பதில் ஆட்சேபம் உண்டா என்று கேட்க வேண்டும். தாக்கூரிடம் அதைக் கேட்டதாகப் பதிவே இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டாரே என்று அரசுத் தரப்பு வாதாடியும் எடுபடவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்காததால் விசாரணையே செல்லாது என்றார்கள். அதோடு, "நான் பாரபட்சம் இல்லாதவன்" என்று நீதி சொல்பவர் தன் மனசுக்குள் நினைத்துக்கொள்வது போதாது, எதிரே நிற்பவன் மனசில் நியாயமான பயம் எழுமா என்று பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்கள். சோறு சாப்பிடாததற்கு ஒரு வருஷச் சிறை குற்றத்தின் அளவை மீறியது என்றும் எழுதினார்கள். அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

அது இந்தியத் தீர்ப்பு, நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் வாதத்தில் எடுத்துக்காட்டத் தடை ஒன்றும் இல்லை.

இன்னொன்று, அண்ணே. போரில் பிடிபட்ட எதிரி நாட்டுக் கைதியை விசாரிப்பதாக இருந்தால்கூட, மூன்றாம் ஜெனிவா உடன்படிக்கை 104ஆம் பிரிவுப்படி மூன்று வாரத்துக்கு முன்னால் தகவல் தர வேண்டும். 105இன்படி அவருடைய வக்கீலுக்குத் தயாராகக் குறைந்தது இரண்டு வாரம் தர வேண்டும். உங்கள் பையன் கைதி இல்லை, அந்த விதி அவனுக்குப் பொருந்தாது. ஆனாலும் எதிரிக்கு இரண்டு வாரம், நம் பையனுக்கு ஒன்பது நாள் என்று கேட்டால் காதில் விழும் இல்லையா? முதலில் அவகாசம் கேட்டு எழுதுங்கள்.

கித்தா பால் | புதன், மாலை 5.30

சாப்பிடாததற்கு ஒரு வருஷமா? அது எனக்கே ஓவராகத்தான் தெரிகிறது. ஆனால் டயர் திருட்டு வேறு.

சுங்கைக்காரன் | புதன், மாலை 5.48

திருட்டு என்று இன்னும் யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை, அண்ணே. குறைந்தது என்றுதான் எழுதியிருக்கிறது.

கித்தா பால் | புதன், மாலை 5.55

சரி, மன்னிக்கவும். வாய் தவறிவிட்டது.

தாத்தாவின் பேரன் | புதன், இரவு 8.30

நம் தோட்டங்களுக்கு ராணுவ நீதிமன்றம் ஒன்றும் புதிதில்லை. என் தாத்தா நேதாஜி படையில் சேர்ந்தவர், சொன்ன கதைகள் ஏராளம். அந்தப் படை தோற்ற பிறகு டில்லி செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், சாகல், தில்லான் மூவரையும் நிறுத்தியது ராணுவ நீதிமன்றம்தான். 1945 நவம்பர் 5ஆம் தேதி தொடங்கியது. ஏழு அதிகாரிகள், நான்கு பேர் வெள்ளைக்காரர், மூன்று பேர் இந்தியர். புலாபாய் தேசாய் வாதாடினார், நேரு வெகுகாலத்துக்குப் பிறகு வக்கீல் அங்கி மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஆயுள் முழுக்க நாடு கடத்தல் என்று தீர்ப்பு.

தாத்தா இந்த இடத்தில் எப்போதும் சிரிப்பார். தீர்ப்பு வந்தும் அது தீர்ப்பு இல்லை! ராணுவ நீதிமன்றம் சொன்னதைத் தலைமைத் தளபதி உறுதிசெய்தால்தான் செல்லும். ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரம், ஆக்கின்லெக் 1946 ஜனவரி 3ஆம் தேதி நாடு கடத்தலைத் தள்ளுபடி செய்துவிட்டார், பதவி நீக்கம் மட்டும் நின்றது. மூவரும் வெளியே வந்துவிட்டார்கள்.

நமக்கு அது சந்தோஷம். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஒரு தளபதி தண்டனையைத் தூக்கிவிடலாம் என்றால் தூக்காமலும் விடலாம். நீதிமன்றத்துக்கு மேலே இன்னொரு பேனா இருக்கிறது.

அப்புறம், நம் தொழிற்சங்கத் தலைவர் கணபதியையும் 1949இல் ராணுவக் கோர்ட்தான் தூக்கில் போட்டது, அதையும் மறக்க வேண்டாம்.

ஈப்போ தங்கச்சி | புதன், இரவு 9.10

அண்ணே, கடைசி வரி தவறு. எஸ்.ஏ. கணபதியை விசாரித்தது ராணுவ நீதிமன்றம் இல்லை. அவசரகாலச் சட்டத்தின் கீழ், துப்பாக்கி வைத்திருந்தார் என்று சாதாரண நீதிமன்றத்தில்தான் வழக்கு நடந்தது. ரவாங் பக்கம் 1949 மார்ச்சில் பிடித்தார்கள், மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கு. இரண்டே மாதம். சீருடை போடாத நீதிமன்றமும் இவ்வளவு வேகமாக ஓட முடியும் என்பதற்கு வேண்டுமானால் அதைச் சொல்லலாம்.

நீங்கள் சொன்ன "இன்னொரு பேனா"தான் 1997இல் பிரிட்டனைப் பிடித்தது. ஃபிண்ட்லே வழக்கு. ஃபாக்லாந்து போரில் சண்டையிட்ட ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படைவீரர். மனநிலை பாதிக்கப்பட்டு, நிறையக் குடித்துவிட்டு, 1990இல் தன் சக வீரர்களையே துப்பாக்கி முனையில் நிறுத்தினார். குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டார். ஆகவே நடந்ததா இல்லையா என்பதில் சண்டையே இல்லை. இரண்டு வருஷச் சிறை.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் கேட்டது ஒன்றுதான்: வழக்குப் போட முடிவெடுத்தவர் யார்? ஒரு ஜெனரல். ஐந்து உறுப்பினர்களை நியமித்தவர்? அதே ஜெனரல். அரசுத் தரப்பு அதிகாரியையும் குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடும் அதிகாரியையும் நியமித்தவர்? அவரேதான். கடைசியில் தீர்ப்பை உறுதிசெய்தவர்? அதுவும் அவர். ஐந்து உறுப்பினர்களும் அவரைவிடக் கீழ்ப்பதவி. சுதந்திரமான நீதிமன்றம் இல்லை என்று 1997 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. பிரிட்டன் அதற்கு முன்பே புரிந்துகொண்டு 1996 சட்டத்தில் அந்த ஜெனரலின் வேலையைத் துண்டுதுண்டாகப் பிரித்துவிட்டது: வழக்குத் தொடுப்பது ஒருவர், உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பது வேறு அலுவலகம். உறுதிசெய்யும் பேனாவே போய்விட்டது.

தாத்தாவின் பேரன் | புதன், இரவு 9.35

கணபதி விஷயத்தில் தப்பு என்னுடையது, திருத்தியதற்கு நன்றி தங்கச்சி.

ஸ்காட்ஸ் கார்ட்ஸ் என்றதும் கை நின்றுவிட்டது. 1948 டிசம்பரில் பத்தாங் காலித் தோட்டத்தில் 24 பேரைச் சுட்டதும் அதே படைதான். அதற்கு ராணுவ நீதிமன்றமே கூடவில்லை. 2015இல் லண்டன் உச்ச நீதிமன்றமும் விசாரணைக்கு உத்தரவிட முடியாது என்று சொல்லிவிட்டது. பெஞ்சில் யார் உட்காருவது என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம், அங்கே பெஞ்சே இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. உலகச் சண்டையில் ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதையில் நம் ஆட்கள் எத்தனை பேர் போய்த் திரும்பவில்லை என்று இந்த ஊரில் சொல்லத் தேவையில்லை. சண்டை முடிந்து 1946 முதல் 1948 வரை சிங்கப்பூரில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றங்கள் 131 வழக்குகளில் ஜப்பானியப் படையினரை விசாரித்தன. அவர்களுக்கு வக்கீல் உண்டு. ஆனால் உறுப்பினர்கள் மீது ஆட்சேபம் சொல்லும் உரிமை கிடையாது, விதியிலேயே அப்படித்தான் எழுதியிருந்தது. சின்ன வயதில் அதைப் படித்தபோது, "அவன்களுக்கு எதற்கு உரிமை" என்றுதான் தோன்றியது. இப்போது அவ்வளவு திடமாகச் சொல்ல மாட்டேன்.

முன்னாள் கோப்ரல் | வியாழன், காலை 7.00

வரலாறு நன்றாக இருக்கிறது. பையனுக்கு இன்னும் ஏழு நாள்தான். காரியத்தைப் பேசுவோம்.

தம்பி, அவன் கையில் என்னென்ன தாள் இருக்கிறது? குற்றப்பத்திரிகையில் தேதி எப்படிப் போட்டிருக்கிறார்கள்?

சுங்கைக்காரன் | வியாழன், காலை 7.25

தாள் இப்போது என் முன்னால் இருக்கிறது. இரண்டு பக்கம், ஓரத்தில் ஸ்டேப்ளர் துரு. "அந்தத் தேதியில் அல்லது அதை ஒட்டி" என்று போட்டு ஒரு செவ்வாய்க்கிழமைத் தேதி. அந்த வாரம் திங்கள் முதல் வியாழன் வரை அவன் லீவில் இங்கே இருந்தான், மச்சானை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போனதே அவன்தான். லீவுச் சீட்டும் இருக்கிறது.

வாக்குமூலத்தின் நகல் தரவில்லை. சாவிப் பதிவேட்டைக் காட்டச் சொன்னால், "அதெல்லாம் அங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்களாம்.

ஈப்போ தங்கச்சி | வியாழன், காலை 8.15

லீவுச் சீட்டின் மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் மட்டும். டயாலிசிஸ் நிலையத்தில் துணைக்கு வந்தவர் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்தப் பக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். "அதை ஒட்டி" என்ற சொல்லை வைத்துத் தேதியை இழுத்துப் பிடிக்கப் பார்ப்பார்கள், நான்கு நாள் லீவு என்பதால் அது அவ்வளவு சுலபம் இல்லை.

கடிதம் மூன்று எழுத வேண்டும், மலாயில். ஒன்று, வக்கீல் வைக்க அவகாசம். அரசியலமைப்பு 5ஆம் பிரிவு கைதானவருக்கு விருப்பமான வழக்கறிஞரை அணுகும் உரிமையைத் தருகிறது, அதைச் சுட்டலாம். இரண்டு, வாக்குமூலத்தின் நகல், சாவிப் பதிவேடு, கணக்கெடுப்பு அறிக்கை. மூன்று, அந்த அதிகாரி மீதான ஆட்சேபம். அதில் ஆளைத் திட்டாதீர்கள். "கணக்கெடுப்பை நடத்தியவர் என்பதால் இவரைச் சாட்சியாகக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியிருக்கும், சாட்சி சொல்பவர் நீதி சொல்லும் இடத்தில் உட்கார முடியாது" என்று மட்டும் எழுதினால் போதும். அதில் யாருக்கும் கோபம் வர இடமில்லை.

கடிதம் கொடுத்தாலும், அன்றைக்குப் பெயர் வாசிக்கும்போது வாயாலும் சொல்ல வேண்டும். ஜட்ஜ் அட்வகேட் என்று சட்டம் சொல்ல ஒருவர் உட்காருவார், அவரைப் பார்த்துச் சொல்லட்டும்.

அப்படியும் தவறாக முடிந்தால், உயர் நீதிமன்றத்தில் நீதிச் சீராய்வு கேட்க முடிவு தெரிந்த நாளிலிருந்து மூன்று மாதம்தான் கெடு. வேலை நீக்கத்துக்கு அரசு ஊழியருக்கு இருக்கும் அரசியலமைப்பு 135ஆம் பிரிவுப் பாதுகாப்பு ராணுவத்தினருக்குக் கிடையாது, அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

கித்தா பால் | வியாழன், காலை 9.40

முந்தாநாள் நான் சொன்னதில் ஒரு பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஒழுங்கு வேண்டும் என்பதில் மாற்றம் இல்லை. ஆனால் எண்ணியவரே உட்காருவது ஒழுங்கு இல்லை. மலாய்க் கடிதம் தட்டச்சு செய்ய ஆள் வேண்டுமென்றால் என் மகள் செய்வாள். பாசார் மாலாம் (இரவுச் சந்தை) பக்கத்துக் கடையில்தான் இருப்பேன்.

சுங்கைக்காரன் | ஞாயிறு, இரவு 10.20

தகவல் சொல்லிவிடுகிறேன். கித்தா பால் அண்ணன் மகள் தட்டிக் கொடுத்தாள், காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். வெள்ளிக்கிழமை மூன்று கடிதமும் கொடுத்து நகலில் முத்திரை வாங்கினான் பையன். முத்திரை குத்தியவர் படித்துவிட்டு, "யார் எழுதிக் கொடுத்தது?" என்று கேட்டிருக்கிறார். "எங்கள் ஊர்" என்றானாம்.

நேற்று மாலை பதில் வந்தது. விசாரணை தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது, புதுத் தேதி பிறகு. அதிகாரி பற்றி ஒரு வரியும் இல்லை. வாக்குமூலத்தின் நகல் வந்தது. பையன் இங்கே உட்கார்ந்து முதல் தடவையாக முழுசாகப் படித்தான். மூன்றாம் பத்தியில், சாவி தன் ஒருவனிடம் மட்டும் இருந்ததாக அவன் சொன்னதாக இருக்கிறது. "நான் அப்படிச் சொல்லவே இல்லை மாமா" என்றான். மச்சான் அதைக் கேட்டுத்தான் இத்தனை நாளில் முதல் முறை வாய் திறந்தார்: "அப்போ மற்ற இரண்டு சாவி எங்கே?"

புதன்கிழமை ஈப்போ வருகிறோம், தங்கச்சி. எத்தனை மணிக்கு வந்தால் வசதி?

ஈப்போ தங்கச்சி | ஞாயிறு, இரவு 10.41

பத்தரைக்கு, அண்ணே. ராணுவ வழக்கு நடத்தும் மூத்த வழக்கறிஞர் ஒருவரையும் கூப்பிட்டிருக்கிறேன். முகாமில் தந்த தாள் அத்தனையும் கொண்டுவாருங்கள், உறையையும் சேர்த்து. உறையில் தபால் தேதி இருக்கும்.

முன்னாள் கோப்ரல் | திங்கள், காலை 6.05

பையன் சீருடையில் வர வேண்டாம். சாதாரணச் சட்டை போதும். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.